ஹிப்ஹாப் எப்படிப் பிறந்தது? உலகம் முழுக்கப் பரவியது எப்படி?

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த ஒரு விருந்தைத்தான் பலரும் ஹிப்ஹாப் இசையின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்பல் ஏற்பாடு செய்த விருந்து அது. இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க்.

அவர் கண்டுகொண்டது எளிய உண்மை: பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் வெறியோடு ஆடுகிறது. ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். அந்த இடைவெளியில் ஆடியவர்களே 'பி-பாய்'கள். மைக்கில் கூட்டத்தை உசுப்பிய பேச்சு, தாளத்துக்கேற்பப் பேசிப் பாடும் ராப் ஆக வளர்ந்தது. ஆக, முதலில் வந்தது டிஜே, பாடகர் பிறகுதான். இன்று இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாடல் வெற்றி பெற்றபின் ராப் பிராங்க்ஸைத் தாண்டியது. பிரான்ஸில் புறநகர்க் குடியேறிகளின் பிள்ளைகள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். தமிழுக்கு அது அழுத்தமாக வந்தது சென்னை வழியாக அல்ல, மலேசியா வழியாக: யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வெளியானது 2006இல்.