சிங்கி இறால், கிரேஃபிஷ், அவற்றின் உறவினங்கள்: வகைப்பாடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தூத்துக்குடியில் நாங்கள் வாங்கும் சிங்கி இறாலும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லாப்ஸ்டரும் ஒரே குடும்பமா? படங்களில் அதற்குப் பெரிய கொடுக்குகள் இருக்கின்றன, நம்முடையதற்கு இல்லையே?

ஒரே குடும்பம் அல்ல. கொடுக்கைக் கவனித்தீர்கள் அல்லவா, பிரிவு தொடங்குவதும் அங்கேதான். இரண்டும் டெக்கப்போடா என்ற பத்துக்காலி வரிசையைச் சேர்ந்தவை. ஆனால் அதற்குள் மெய்ன் லாப்ஸ்டர் (ஹோமாரஸ் அமெரிக்கானஸ்) அஸ்டசிடியா என்னும் உள்வரிசையிலும், நம் சிங்கி இறால்கள் (பானுலிரஸ் பேரினம்) அக்கெலேட்டா என்னும் வேறோர் உள்வரிசையிலும் அடங்கும். அஸ்டசிடியாவில் முதல் மூன்று இணைக் கால்களின் நுனியில் இடுக்கி உண்டு. அவற்றில் முதல் இணைதான் பெருத்துக் கொடுக்காகிறது. அக்கெலேட்டாவில் இந்த இடுக்கிகளே இல்லை. பெண் சிங்கியை மல்லாத்திக் கடைசிக் காலின் நுனியை உற்றுப் பாருங்கள்: மிகச் சிறிய இடுக்கி போன்ற அமைப்பு ஒன்று தெரியும். அது வயிற்றடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுத்தம் செய்வதற்கானது. கொடுக்கு இல்லாத குறையை, அடிப்பகுதி தடித்து முள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகள் ஈடுசெய்கின்றன.

கேள்வி: அப்படியானால் மெய்ன் லாப்ஸ்டருக்கு நெருங்கிய உறவு எது?

கொடுக்குள்ள சிறு லாப்ஸ்டர் போலத் தோன்றும், நன்னீரில் வாழும் கிரேஃபிஷ். கடலில் வாழும் நம் சிங்கியை விட, ஆற்றிலும் ஓடையிலும் வாழும் கிரேஃபிஷ்தான் அதற்கு நெருக்கம் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். உயிரினங்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் ஐரோப்பிய லாப்ஸ்டர், ஐரோப்பிய கிரேஃபிஷ், நம் கடலின் பானுலிரஸ் ஹோமாரஸ் ஆகிய மூன்றையும், நண்டுகளோடு சேர்த்து, கேன்சர் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார். பின்னர் கால், செவுள், குஞ்சுப் பருவம் ஆகியவற்றை ஒப்பிட்டபோதுதான் அவை தனித்தனியாகப் பிரிந்தன. மரபணு ஆய்வுகளும் லாப்ஸ்டரையும் கிரேஃபிஷையும் ஒரே கிளையில் சேர்க்கின்றன.

கேள்வி: நம் ஆறுகளில் கிரேஃபிஷ் ஏன் இல்லை? மீன் தொட்டிக் கடைகளில் மட்டும் பார்க்கிறேன்.

இந்தியாவுக்கு இயற்கையான கிரேஃபிஷ் எதுவும் இல்லை. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இல்லை. வட அரைக்கோளத்துக் கிரேஃபிஷ்கள் ஐரோப்பா, வட அமெரிக்கா, கிழக்காசியா ஆகிய பகுதிகளில் வாழ்கின்றன. தென் அரைக்கோளத்தவை பாராஸ்டசிடே என்ற தனிக் குடும்பமாக ஆஸ்திரேலியா, நியூகினி, நியூசிலாந்து, தென் அமெரிக்கா, மடகாஸ்கர் ஆகிய இடங்களில் பரவியுள்ளன. பாஞ்சியா என்ற பழம் பெருங்கண்டம் வடக்கு, தெற்கு எனப் பிளந்ததோடு இந்தப் பிரிவைப் பொருத்திப் பார்க்கிறார்கள். இனவளம் மிகுந்த இடங்கள் இரண்டு: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும். நன்னீர் முதுகெலும்பிலிகளில் மிகப் பெரியதான அஸ்டகோப்சிஸ் கோல்டி டாஸ்மேனியாவில் வாழ்கிறது.

தொட்டிகளில் வளர்ப்பவரிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். 1990களில் ஜெர்மனியின் தொட்டி மீன் வணிகத்தில் முதலில் கவனிக்கப்பட்ட பளிங்குக் கிரேஃபிஷில் ஆணே கிடையாது. ஒரு பெண் தனியாகவே முட்டையிட்டுத் தன்னைப் போன்ற பெண்களையே பெருக்கும். 2017இல் அது புரோகாம்பரஸ் விர்ஜினாலிஸ் என்ற தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. மடகாஸ்கரில் அது பரவிய வேகம் கவலைக்குரியது. எந்தக் கிரேஃபிஷையும் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குஞ்சுப் பருவத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியும் என்று எங்கள் ஆசிரியை கூறினார். எப்படி?

அவர் சொன்னது முற்றிலும் சரி. வகைப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சான்றும் இதுவே. சிங்கி இறாலின் முட்டையிலிருந்து வருவது ஃபில்லோசோமா என்ற குஞ்சு: கண்ணாடி போல் ஒளி ஊடுருவும், இலை போல் தட்டையான உடல், அதைச் சுற்றி மெல்லிய நீண்ட கால்கள். கடலோட்டத்தில் பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, அது மிதந்து திரியும். தாயோடு எந்த ஒற்றுமையும் இல்லாததால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தனி விலங்காகவே கருதி ஒரு பேரினப் பெயரும் சூட்டினார்கள். உணர்கொம்பு அகன்று தகடாகிவிட்ட சிலிப்பர் லாப்ஸ்டரைப் பாருங்கள்: தோற்றத்தில் சிங்கிக்கு எவ்வளவோ வேறுபட்டாலும் அதன் குஞ்சும் ஃபில்லோசோமாவே. ஆகவே இரண்டும் அக்கெலேட்டாவில் ஒன்றாக நிற்கின்றன. மெய்ன் லாப்ஸ்டரின் குஞ்சு சில வாரங்களே நீந்தும். கிரேஃபிஷிலோ மிதக்கும் பருவமே இல்லை. பெற்றோரின் சிறு வடிவமாகவே பொரித்து, தாயின் வயிற்றுக் கால்களைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. ஆற்று நீரோட்டம் குஞ்சுகளைக் கடலுக்கு அடித்துச் சென்றுவிடாமல் இருக்க இது உதவுகிறது.

கேள்வி: ஸ்குவாட் லாப்ஸ்டர், மட் லாப்ஸ்டர் ஆகியவை எதில் சேரும்?

பெயரில் மட்டுமே லாப்ஸ்டர். ஸ்குவாட் லாப்ஸ்டர் துறவி நண்டு அடங்கிய அனோமுராவில் சேரும். அதன் கடைசி இணைக் கால்கள் சிறுத்து மடங்கியிருப்பதே அடையாளம். சதுப்புநிலச் சேற்றைத் தோண்டி மேடு எழுப்பும் மட் லாப்ஸ்டர் (தாலஸினா பேரினம்) கெபிடியா என்னும் உள்வரிசையைச் சேர்ந்தது. நீண்ட வாலுள்ள அனைத்தையும் மாக்ரூரா என்று ஒன்றாகக் கட்டிய பழைய பிரிவு இன்று கைவிடப்பட்டதற்குக் காரணம், நீண்ட வால் என்பது தொன்மையான பொது வடிவமே தவிர நெருங்கிய உறவுக்குச் சான்று அல்ல என்பதுதான்.

கேள்வி: இந்தக் கூட்டத்தில் ‘வாழும் புதைபடிவம்’ உண்டா?

உண்டு. கிளைஃபியா என்னும் பழங்காலப் பத்துக்காலி வகையினர் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக நம்பப்பட்டது. 1908இல் ஆல்பட்ராஸ் ஆய்வுக் கப்பல் பிலிப்பைன்ஸ் கடலில் பிடித்த ஒற்றை மாதிரி அருங்காட்சியகத்தில் கவனிப்பாரின்றி இருந்தது. 1975இல் இரு பிரெஞ்சு அறிஞர்கள் அதை நியோகிளைஃபியா இனோபினாட்டா என விவரித்தனர். மறு ஆண்டே அதே கடலில் உயிருடன் மேலும் சில கிடைத்தன.

கேள்வி: நான் சிங்கி ஏற்றுமதியில் இருக்கிறேன். இவ்வளவு நுணுக்கம் எங்களுக்கு எதற்கு?

உங்களுக்குத்தான் முதலில் தேவை. 2003இல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஏற்றுமதி எடை சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுகிறது: பானுலிரஸ் ஹோமாரஸுக்கு 200 கிராம், பாலிஃபேகஸுக்கு 300, ஆர்னேட்டஸுக்கு 500. 250 கிராம் எடையுள்ள ஒன்றை ஹோமாரஸ் என்றால் அனுப்பலாம். ஆர்னேட்டஸ் என்றால் அது இன்னும் வளர வேண்டியது. வால் கண்டங்களின் மேல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஹோமாரஸில் ஒவ்வொரு கண்டத்திலும் குறுக்கே ஒரு பள்ளம் ஓடும், அதன் முன் விளிம்பு சிறு சிறு வளைவுகளாக இருக்கும். ஆர்னேட்டஸில் பள்ளம் இன்றி வழவழப்பாக இருக்கும்; கால்களில் பட்டை பட்டையாக நிறம் மாறும். பாலிஃபேகஸிலும் பள்ளம் இல்லை, ஆனால் ஒவ்வொரு கண்டத்தின் பின் விளிம்பிலும் வெளிர் நிறக் குறுக்குக் கோடு தெளிவாகத் தெரியும். சிலிப்பர் லாப்ஸ்டருக்கு அதே அறிவிப்பில் 150 கிராம் வரம்பு உண்டு. அங்கே தீனஸ் ஓரியன்டாலிஸ் என்ற பெயர் இருக்கும். 2007இல் அந்தப் பேரினம் ஐந்து சிற்றினங்களாகத் திருத்தப்பட்டபின், நம் கடலில் பிடிபடுவது பெரும்பாலும் தீனஸ் யூனிமாகுலேட்டஸ் என்று அறியப்பட்டுள்ளது.