விருந்தாளி போன பிறகு என்ன மிஞ்சுகிறது?

கேள்வி: கரீபியன் தீவான டொமினிக்காவில் பத்தே அறைகள் கொண்ட ஒரு சூழல் விடுதி, தன்னை ‘மீளுருவாக்கச் சுற்றுலா’ விடுதி என்று விளம்பரம் செய்கிறது. சூரிய மின்சாரம், பிளாஸ்டிக் தவிர்ப்பு என்று எல்லா விடுதிகளும்தானே சொல்கின்றன? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டும் கெடுதலைக் குறைப்பவை; அவை தேவைதான். மீளுருவாக்கம் என்பது ஒரு படி மேலே போய், விருந்தினர் வந்துபோனதால் அந்த மண்ணும் காடும் ஊரும் முன்பைவிடத் தேறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. 2017 செப்டம்பர் 18 அன்று இரவு மரியா சூறாவளி ஐந்தாம் வகை வலுவுடன் டொமினிக்காவைத் தாக்கியபோது, அதன் பச்சை மலைகள் இலையுதிர்ந்து பழுப்பாகிப்போயின. அத்தகைய சரிவில் ஒரு விடுதி அந்தத் தீவுக்கே உரிய மரங்களை நட்டு மண்ணைப் பிடித்து நிறுத்துகிறதா, சேப்பங்கிழங்கையும் மீனையும் பக்கத்து ஊராரிடம் வாங்குகிறதா என்பதே விளம்பர வாசகத்தைவிட முக்கியம்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் விடுதியல்ல, டிரினிடாட் தீவின் மட்டுரா கடற்கரை. இறைச்சிக்காக ஏழுவரி ஆமைகள் வெட்டப்பட்டுவந்த அந்தக் கரையில், ‘நேச்சர் சீக்கர்ஸ்’ என்ற உள்ளூர் அமைப்பு 1990 முதல் இரவுக் காவலில் ஈடுபட்டுவருகிறது. ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும்வரை எல்லோரும் ஒதுங்கி நிற்க, அதன் பிறகே வழிகாட்டி சிவப்பு விளக்கொளியில் முதுகோட்டின் நீளத்தை அளந்து, துடுப்பில் இருக்கும் அடையாள வில்லையின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பார்வையாளர் கட்டணம் ஊராருக்கு வேலையாகிறது. ஆமை உயிரோடு இருந்தால்தான் அந்த வேலையும் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்க வேண்டாம்: நெடுந்தூர விமானப் பயணம் வெளியிடும் கரியமில வாயுவை, விருந்தினர் நடும் நான்கு கன்றுகள் ஈடுகட்டிவிடா. அப்படிக் கணக்குக் காட்டும் விடுதியை நான் நம்பமாட்டேன்.

முன்பதிவுக்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: சென்ற ஆண்டு நட்ட மரங்களில் எத்தனை பிழைத்தன, அதை யார் எண்ணினார்கள், விடுதியின் முடிவுகளில் ஊராருக்குப் பங்கு உண்டா? பதிலாகக் கன்றும் கையுமாக விருந்தினர் சிரிக்கும் படங்கள் மட்டுமே வந்தால், வேறு விடுதி பாருங்கள்.