சர்க்கரை டப்பாவுக்கு எதற்குப் பூட்டு?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. 18 வருடமாகச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் மாத்திரை போடுகிறார். மாமியார் தவறி மூன்று வருடமாகிறது. மாமாவுக்கு இனிப்பென்றால் உயிர். அடுத்த மாதம் என் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். நாங்கள் எல்லோரும் கேக் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. அதனால் அவருக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில், கலோரி குறைவாக ஏதாவது செய்து கொடுக்க ஆசை. வீட்டில் ஓவன் இல்லை. ஒரு கல்யாணத்தில் இளநீர் புட்டிங் சாப்பிட்டேன், லைட்டாக இருந்தது. மில்க்மெய்ட் ஊற்றிச் செய்வார்களாம். அது சரிவருமா? சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டால் பரவாயில்லையா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் டப்பாக்களை உருட்டுகிறார் என்று சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், அப்படியும் அடங்கவில்லை. நல்ல ரெசிபியாகச் சொல்லுங்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: ரெசிபி கடைசியில் வரும். முதலில் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, அந்த டப்பாவைச் சமையல் மேடையில் அது முன்பு இருந்த இடத்திலேயே வையுங்கள். வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

புட்டிங்கைப் பற்றி, மில்க்மெய்டைப் பற்றி, நாட்டுச்சர்க்கரையைப் பற்றியெல்லாம் விவரமாகக் கேட்டிருக்கிறீர்கள். பூட்டைப் பற்றி மட்டும் போகிறபோக்கில் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, "அடங்கவில்லை" என்று. கயிற்றை அறுக்கும் கன்றுக்குட்டியைச் சொல்வோம் அப்படி. 74 வயது மனிதரைப் பற்றி, உங்கள் கணவரைப் பெற்றவரைப் பற்றி எழுதும்போது கை தயங்கவில்லையா அம்மா?

சரி, சொல்லை விடுகிறேன். அந்த இரண்டு மணியை விட மாட்டேன். 18 வருடமாகச் சர்க்கரை உள்ளவர், ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர், நடுராத்திரியில் எழுந்து இனிப்பைத் தேடுகிறார். உங்களுக்கு அது நாக்கின் ஆசையாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கிளிமிபிரைட், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா? கூட்டு மாத்திரையாக இருந்தால் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். இந்த வகை மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. ஆள் நன்றாகச் சாப்பிட்டாரா, ஏழு மணிக்கே இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாரா என்பதெல்லாம் மாத்திரைக்குத் தெரியாது. சாப்பாடு குறைந்த ராத்திரியில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். புத்தி கொஞ்சம் தடுமாறும், சிடுசிடுப்பு வரும். அந்த நேரத்தில் உடம்பே ஆளை எழுப்பி, இனிப்பு எங்கே என்று தேடவைக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

உங்கள் மாமனாருக்கு இதுதான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் ஆசையாகவும் இருக்கலாம், தூக்கம் வராத தனிமையாகவும் இருக்கலாம். குளுக்கோமீட்டர் வைத்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டப்பா உருளும் சத்தம் கேட்ட ராத்திரிகளில் உங்கள் வீட்டில் யாராவது அதைச் செய்தீர்களா? சத்தம் கேட்டது, மறுநாள் பூட்டு வந்தது. நடுவில் "என்ன மாமா செய்யுது உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டாமா?

நிஜமாகவே சர்க்கரை இறங்கிய ஒரு ராத்திரியில் அவர் இருட்டில் தடவிக்கொண்டு நிற்கிறார், சாவி உங்கள் தலைமாட்டில் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? மயங்கி விழுவார். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்கு வியர்வை, நடுக்கம் போன்ற முன்னறிவிப்புகள்கூட மங்கிப்போவதுண்டு. நேராக மயக்கம்தான்.

ஆகவே டப்பா மேடைக்கு வரட்டும். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் செம்பில் தண்ணீரும் ஒரு டார்ச்சும் இருக்கட்டும். சர்க்கரை இறங்கியிருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி, அதாவது 15 கிராம் குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஒரு தோசையோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடட்டும். மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் என்ற பெயர் இருந்தால் குளுக்கோஸ்தான் வேண்டும். நாம் காப்பியில் போடும் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் சேர்வதை அந்த மருந்து தாமதப்படுத்தும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இனிப்புத் தேடுகிறார்" என்ற வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். மாத்திரையின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், கணவர் என்ற சொல்லே இல்லை. அப்பாவின் மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டியது அவர். டப்பா உருண்டால் எழுந்திருக்க வேண்டியது அவர். நீங்கள் மருமகள், மனசோடு பார்த்துக்கொள்கிறீர்கள், இல்லையென்றால் புட்டிங் கேட்டு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் பெற்ற பிள்ளை நிம்மதியாகத் தூங்க, மருமகள் சாவி வைத்துக் காவல் காக்கும் வீட்டில் எத்தனை நல்ல மனசும் கசந்துதான் போகும். குளுக்கோமீட்டரை அவர் கையில் கொடுங்கள். அவரவர் அப்பாவை அவரவர்தான் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். மாமியார் இருந்தவரை படுக்கப்போகும் முன் மாமாவுக்குப் பாலோ பழமோ ஏதாவது கொடுப்பாரா? அந்தச் சின்ன வழக்கம் மூன்று வருடத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தால், இரண்டு மணிக்கு எழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

என் அம்மாவுக்கும் சர்க்கரை. நானும் பிஸ்கட்டை எண்ணி வைத்தவள்தான். அவர் போன பிறகு தலையணை உறையைக் கழற்றியபோது தினத்தாளில் சுற்றிய இரண்டு துண்டு மைசூர்பாகு கிடைத்தது. எறும்பு மொய்த்திருந்தது. யாரிடம் கேட்டு வாங்கினாரோ, எத்தனை நாள் வைத்திருந்தாரோ தெரியாது. என்னைப் பெற்றவளை என் வீட்டிலேயே ஒளித்துவைக்க விட்டேன் என்பது இருபது வருடமாக ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் குரலை உயர்த்துகிறேன்.

இனி பிறந்தநாளுக்கு வருவோம். தனிக் கிண்ணம் வேண்டாம். ஊருக்கெல்லாம் கேக், தாத்தாவுக்கு மட்டும் மூலையில் ஒரு பத்தியக் கிண்ணம் என்றால் அவர் முகம் இன்னும் வாடும். பத்து வயதுப் பேத்தியும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு ஒரே இனிப்பு, எல்லோருக்கும் அதே. கேக் அன்றைக்கு வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இளநீர் புட்டிங்கை மில்க்மெய்டோடு செய்யாதீர்கள். கண்டென்ஸ்டு மில்க்கில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். 400 கிராம் டின் ஒன்று ஏறக்குறைய 1,300 கலோரி. வாயில் லைட்டாக இருப்பது, அதை உறையவைக்கப் போடும் கடல்பாசியின் வழவழப்பு, கலோரிக் கணக்கு வேறு. இளநீரிலும் இயற்கையாகவே சர்க்கரை உண்டு, பொட்டாசியமும் நிறைய. பல வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் கெடுதல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் மாமாவின் கிரியாட்டினின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நாட்டுச்சர்க்கரை, பனங்கருப்பட்டி, தேன், பேரீச்சை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். கருப்பட்டிக்கு மணம் உண்டு, அந்த மணத்துக்காகப் போடுங்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று போட்டுக்கொண்டு இரண்டு கரண்டி கூடுதலாகத் தட்டுவதைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்.

பாலில் கடல்பாசி செய்யுங்கள். சைனா கிராஸ் என்று கேட்டாலும் கடையில் கொடுப்பார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நோன்பு மாதத்தில் இது இல்லாமல் இருக்காது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, அந்த இனத்துச் செம்பாசிகளிலிருந்து எடுப்பதுதான். அதில் இருப்பது நம் குடல் செரிக்காத நார், அதனால் கலோரி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஜெலட்டினைப் போல மிருக எலும்பு, தோலிலிருந்து வருவதில்லை என்பதால் சைவ வீடுகளுக்கும் ஆகும்.

10 கிராம் கடல்பாசி இழையைக் கத்தரித்துத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். பிழிந்தெடுத்து 300 மில்லி புதுத் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொதிக்கவிடுங்கள். எட்டுப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்படாதீர்கள், தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் வந்தால்தான் அது முழுக்கக் கரையும். கரையாத இழை ஒன்றிரண்டு இருந்தாலும் சாப்பிடும்போது நரம்பு போல வாயில் தட்டும்.

இன்னொரு பாத்திரத்தில் அரை லிட்டர் டோன்டு பாலில் மூன்றரை மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 45 கிராம் சர்க்கரை போட்டுக் காய்ச்சுங்கள். சூடான பாலில்தான் சூடான கடல்பாசியை ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே திரிதிரியாக உறைந்துவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் சேராது. பலர் தோற்பது இங்கேதான். கலந்து, ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, வடிகட்டி எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றுங்கள். உப்பு, குறைந்த இனிப்பையும் தூக்கிக் காட்டும். 40 டிகிரிக்குக் கீழே ஆறினாலே உறைந்துவிடும், மேடையிலேயே கட்டியாகும். ருசிக்காக ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். ஜில்லென்று இருந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், பேத்தி "சப்பென்று இருக்கு" என்பாள்.

இதைப் 16 துண்டாக்கினால் ஒரு துண்டு ஏறக்குறைய 30 கலோரி. ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 120 கலோரி இருக்கிறது, நான்கு துண்டுக்குச் சமம். பால், சர்க்கரை இரண்டும் சேர்ந்து ஒரு துண்டில் மாவுச்சத்து நான்கு கிராம் சொச்சம். மாமா இரண்டு துண்டு சாப்பிடட்டும், அன்றைக்கு மதியச் சாதத்தில் ஒரு கை குறைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கை அவரிடமே சொல்லுங்கள், 18 வருட அனுபவம் உள்ளவர், உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகப் புரிந்துகொள்வார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உங்கள் கணவர் மீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

இதை லோ சுகருக்கு முதலுதவியாகக் கொடுத்துவிடாதீர்கள். கட்டியாக உறைந்த பால் இனிப்பு மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். சாக்லேட்டும் அப்படித்தான். அந்த நேரத்துக்குத் தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் மட்டும்தான்.

பிறந்தநாளன்று தாம்பாளத்தை நடுக்கூடத்தில் வையுங்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்து மாமா கையில் கொடுங்கள். துண்டு போட்டு எல்லோர் தட்டிலும் அவரே வைக்கட்டும், முதல் துண்டு பேத்திக்கு.