விம் திருத்தியில் தேதியை விசைகளாலேயே நகர்த்துவது எப்படி?

விம் (Vim) என்னும் உரை திருத்தும் மென்பொருளில், கோப்பில் உள்ள தேதியை அழித்து மறுபடி தட்டச்சு செய்யாமல், விசைகளாலேயே முன்பின் நகர்த்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் அன்றாடம் செய்வதையே சொல்கிறேன்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் பக்கத்துக் கறவை மாடுகளின் சினை ஊசிக் கணக்கை விம் திருத்தியில் எழுதி வைக்கிறேன். ஊசி போட்ட 21ஆம் நாளையொட்டி மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சினை நின்றிருந்தால் ஏறத்தாழ 280 நாளில் கன்று ஈனும். "தம்பி, நம்ம செவலைய எந்தத் தேதி பாக்கணும்?" என்று கேட்பவரை, விரல்விட்டு எண்ணிக்கொண்டு காக்க வைக்க எனக்கு மனம் வராது.

விம்மில் கண்ட்ரோல் ஏ, சுட்டி (கர்சர்) நிற்கும் எண்ணைக் கூட்டும். கண்ட்ரோல் எக்ஸ் குறைக்கும். ஆனால் 2024-02-15 என்ற தேதியின் 15இல் சுட்டியை வைத்து கண்ட்ரோல் ஏ அழுத்தியபோது எனக்கு 16 வரவில்லை, 14 வந்தது. முன்னால் உள்ள சிறுகோட்டைக் கழித்தல் குறியாக விம் எடுத்துக்கொள்வதால், மைனஸ் 15 மைனஸ் 14 ஆகிவிடுகிறது. புதிய பதிப்புகளில் என்ஆர்ஃபார்மட்ஸ் (nrformats) என்னும் அமைப்பில் 'அன்சைன்ட்' (unsigned) என்பதைச் சேர்த்தால் இது சரியாகும். அப்போதும் மாதம் முடிவது விம்முக்குத் தெரியாது. 21 கூட்டினால் 36ஆம் தேதி என்றே காட்டும்.

ஆகவே டிம் போப் எழுதிய ஸ்பீட்டேட்டிங் (speeddating) என்ற செருகுநிரலை நிறுவிக்கொள்ளுங்கள். நாளின் மேல் சுட்டியை வைத்து 21 என்று தட்டி கண்ட்ரோல் ஏ அழுத்தினால், அவ்வாண்டு பிப்ரவரிக்கு 29 நாள் என்பதையும் கணக்கில் கொண்டு 2024-03-07 வருகிறது. ஊசி போட்ட தேதியிலிருந்தே 280 கூட்டினால் 2024-11-21. சுட்டி மாதத்தின் மேல் இருந்தால் மாதமும், ஆண்டின் மேல் இருந்தால் ஆண்டும் மாறும்.

எங்கள் ஊரில் ஒருவர் தமிழ் ஆவணிக் கணக்கிலும் இன்னொருவர் மலையாளச் சிங்ஙக் கணக்கிலும் நாள் சொல்வார். இரண்டும் ஒரே சூரிய மாதம்தான் என்றாலும், மாதப்பிறப்பைக் கணிக்கும் விதி வேறு என்பதால் சில ஆண்டுகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும். அதனால் நாள்காட்டியில் பார்த்து ஆங்கிலத் தேதியாக்கி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன். வரிகளை அடுக்கும்போதும் அவை கால வரிசையில் வந்துவிடுகின்றன.

ஈமேக்ஸ் என்ற இன்னொரு திருத்தியில் பழகியவர்களுக்கு, அதன் ஆர்க் (Org) முறையில் தேதிமுத்திரையின் மேல் ஷிஃப்டோடு வலது, இடது அம்பு விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு நாளாக நகரும். விண்டோஸ் நோட்பேடில் எஃப்5 அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் வந்து விழும். அதை நகர்த்தும் வசதி அதில் இல்லை.