அடியில் பச்சைத் துணி ஒட்டிய வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள்: எடைக்குப் போடலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஏலத்தில் பழைய வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள் ஒரு ஜோடி எடுத்தேன். நல்ல கனம். வீட்டுக்கு வந்து பார்த்த வியாபாரி, "உள்ளே வெறும் பிசின், எடைக்குத்தான் எடுப்பேன்" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: பிசின் என்றது உண்மை. எடைக்குத்தான் என்றதுதான் தந்திரம்.

1770-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மெல்லிய வெள்ளித் தகட்டை எஃகு அச்சில் அழுத்தி, துண்டுகளைப் பற்றவைத்து, சாயாமல் நிற்க உள்ளே தாரும் பிசினும் நிரப்பினார்கள். பல தண்டுகளில் நடுவே இரும்புக் கம்பியும் உண்டு. அடியை மூடத்தான் அந்தத் துணி. ஆகவே தராசு காட்டும் எடை வெள்ளியின் எடை அல்ல. ஆனால் அது போலியும் அல்ல, அக்காலத்துத் தொழில்முறை. எடைக்கு வாங்குபவர் அடியைப் பிய்த்து, பிசினைச் சுரண்டி, தகட்டை உருக்கிவிடுவார். இருநூறு வருட வேலைப்பாடு ஒரே நாளில் போய்விடும். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

பாதத்தின் வெளி விளிம்பில் அடித்திருக்கும் சிறு முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கிரீடம் இருந்தால் தரம் சோதித்தது ஷெஃபீல்டில், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில். அரசர் அல்லது அரசி தலையும் இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சிறுத்தைத் தலையும் ஒரு பெயர் முத்திரையும் இருப்பதாலேயே லண்டனில் அந்தப் பெயருக்குரியவர் கையால் செய்தது என்று ஆகாது. லண்டன் வெள்ளிக் கொல்லர் ஜான் கார்ட்டர் ஷெஃபீல்டில் செய்த தண்டுகளை வாங்கி, அங்குள்ளவர் முத்திரை மேலேயே தன் முத்திரையை அடித்து விற்றார். பெயர் முத்திரை பொருளுக்குப் பொறுப்பேற்றவருடையது, அவ்வளவுதான். செய்த கை வேறாக இருக்கலாம்.

ஜான் கஃபே, வில்லியம் கஃபே போன்ற லண்டன்காரர்களின் வார்ப்புத் தண்டுகள், அதாவது வெள்ளியை உருக்கி அச்சில் ஊற்றியவை, வேறு ரகம். அவற்றில் பிசின் கிடையாது, முத்திரை பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். அங்கேதான் பெரிய மோசடி. அசல் தண்டு ஒன்றிலிருந்து அச்செடுத்து முத்திரையோடு சேர்த்தே வார்த்துவிடுவார்கள். கையால் அடித்த முத்திரை இரண்டு தண்டுகளில் அச்சு அசலாக ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழாது. அப்படி விழுந்திருந்தால் வாங்காதீர்கள்.

ஏலப் பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு மூலையில் 'லோடட்' (உள்ளே நிரப்பியது) என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் கடமை முடிந்ததா? உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, துணியைப் பிரிக்காதீர்கள். முத்திரை தேயும்படி பாலிஷ் போடாதீர்கள். பழைய வெள்ளி மட்டுமே விற்கும் இரண்டு கடைகளில் தனித்தனியாக விலை கேளுங்கள். முத்திரையில் சந்தேகம் வந்தால் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் உள்ள, வெள்ளியின் தரம் சோதித்து முத்திரையிடும் அஸ்ஸே அலுவலகத்தில் காட்டிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.