‘100% காட்டன்’ கைக்குட்டை வியர்வையை ஏன் உறிஞ்சவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது ஆறு வெள்ளைக் கைக்குட்டைகள் உள்ள பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ‘100% காட்டன், எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ என்று போட்டிருந்தது. முகம் துடைத்தால் வியர்வை வழுக்கிக்கொண்டு போகிறது என்கிறார். பழைய கைக்குட்டைக்கே திரும்பிவிட்டார். நான் ஏமாந்துவிட்டேனா? நல்லதை எப்படிப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வழவழப்புக்காக சிலிக்கோன் பூச்சும் போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சு தண்ணீரை அண்டவிடாது. வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்துக் காயவைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே பரவினால் உறிஞ்சுவதில் குறையில்லை. வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் திரவத்தைக் கைக்குட்டைக்கு மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அதுவும் துணிமேல் படலமாகப் படிந்துவிடும்.

துவைத்த பிறகும் சொட்டு முத்தாக நின்றால், நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டியதுதான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஓரம் அடித்த தையல் நூலை உருவிக் கொளுத்திவிட்டு, ‘பாலியஸ்டர், ஏமாற்றிவிட்டான்’ என்பார்கள். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மூலையில் தையலைப் பிரித்து, துணியிலிருந்தே பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்றும் ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்றும் உருவுங்கள். பாவில் பருத்தி, ஊடையில் கலப்பு என்றும் நெய்வார்கள். அதனால் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

விஸ்கோஸ் மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். ரேயான் என்று கடையில் சொல்வதும் இதைத்தான். மரக்கூழிலிருந்து எடுப்பதால் பருத்தியைப் போலவே எரியும், சாம்பலும் அப்படியே இருக்கும். கையில் பட்டுப்போல வழிவதால் ‘ஃபைன் காட்டன்’ என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். இதைப் பிடிக்க நெருப்பு வேண்டாம், தண்ணீர் போதும். ஒரு நூலை உலர்ந்தபடி இழுத்து அறுங்கள். இன்னொன்றை நனைத்து இழுத்து அறுங்கள். நனைந்த பருத்தி நூல் முன்னைவிடக் கெட்டியாக இருக்கும். விஸ்கோஸ் நனைந்தால் பலம் பாதியாகக் குறையும், சட்டென்று அறும். தினமும் நனைந்து, பிழியப்பட்டு, துவைக்கப்படும் துணிக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்த பொறி, நம்பர். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து எத்தனை சிட்டம் நூற்றார்கள் என்ற கணக்கு. ஒரு சிட்டம் 840 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இரண்டு 80 நம்பர் இழைகளை முறுக்கிவிட்டு ‘160 நம்பர்’ என்று விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். முறுக்கியதும் அது தடித்த நூல். மெலிந்த நூல் ஆகாது. வியர்வை துடைக்க 60, 80 நம்பரே போதும்.

‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத தகுதி. தயாரிப்பாளர் பெயர், முகவரி, விலை இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011 எடையளவு விதிகளின்படி அவை இருந்தே ஆக வேண்டும். புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் முந்நூறு ரூபாய்ப் பெட்டிக்காக யார் வாய்தாவுக்கு அலைவார்கள்? அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. கடைக்குப் போய்ப் பத்துப் பெட்டியைப் பிரித்துச் சோதிக்க ஓர் அதிகாரி கிளம்பினால் போதும், பாதிப் பேர் லேபிளை மாற்றிவிடுவார்கள். அதைச் செய்ய இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனமில்லை.

உங்கள் அப்பா பழையதற்குத் திரும்பியதில் நியாயம் இருக்கிறது. நல்ல பருத்தி துவைக்கத் துவைக்கப் பதப்பட்டு, கன்னத்தில் உறுத்தாமல் ஒட்டும். அந்தச் சுகத்தை எந்தப் புதுப் பெட்டியும் முதல் நாளே தந்துவிடாது. டிஷ்யூ காகிதத்தால் என்றைக்குமே முடியாது.

பெட்டியை விடுங்கள். 36 அங்குல அகலத்தில் 80 நம்பர் கேம்ப்ரிக் அல்லது மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். பிறகு தையல்காரரிடம் நூல் பிடித்து, அதாவது நூலோட்டத்தை ஒட்டி நேராக, வெட்டச் சொல்லுங்கள். கண்மதிப்பில் வெட்டினால் துவைத்தபின் சதுரம் கோணிக்கொள்ளும். ஓரம் மடித்தடித்தால் சுமார் 16 அங்குலத்தில் ஆறு கைக்குட்டைகள் கிடைக்கும். கையால் ஓரம் சுருட்டித் தைப்பவர் அகப்பட்டால் கூலி அதிகம் கேட்பார். பேரம் பேசாமல் கொடுங்கள்.