போரில் அரசுகள் நாடகம் ஆடின என்றால், குண்டுவெடிப்பு போன்ற பொது நிகழ்வுகளும் நாடகமாக, அங்கே அழுபவர்கள் நடிகர்களாக இருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள்.

ராணுவ ஏமாற்று வேலை உண்மைதான். 1943 ஏப்ரலில் ஒரு சடலத்துக்கு ‘மேஜர் வில்லியம் மார்ட்டின்’ என்று பெயர் சூட்டி, ஸ்பெயினின் உவெல்வா கடலோரத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறை மிதக்கவிட்டது. சட்டைப் பையில் காதல் கடிதங்கள், நாடக டிக்கெட்டின் கிழிந்த பாதி, கணக்கில் இருந்ததற்கு மேல் பணம் எடுத்ததைக் கண்டிக்கும் வங்கிக் கடிதம். கடன்காரப் பிணத்தை யார் சந்தேகிப்பார்கள்! அதனுடன் இருந்த பெட்டியிலோ, நேச நாடுகள் கிரீஸில் இறங்கப் போவதாகக் காட்டும் போலிக் கடிதம். ஜெர்மானியர்கள் நம்பினார்கள். ஜூலை 10 அன்று படைகள் இறங்கியது இத்தாலியின் சிசிலித் தீவில்.

ஆனால் அந்த நாடகத்துக்குப் பார்வையாளர்கள் எத்தனை பேர்? எதிரித் தலைமையில் ஒரு சிலர். நேரில் வந்து சரிபார்க்க வழியில்லாதவர்கள். சில வாரம் தாக்குப்பிடித்தால் போதும். ஒரு நகரத்தில் குண்டு வெடித்தால் மருத்துவர், செவிலியர், நிருபர், அண்டை வீட்டார், இறந்தவரின் பள்ளித் தோழர் என ஆயிரக்கணக்கானோர் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அது நாடகம் என்றால், அத்தனை பேரும் ஆயுள் முழுவதும் நடிக்க வேண்டும்.

அரசுகள் பொதுமக்களிடம் நாடகமாடியதே இல்லை என்று சொல்லமாட்டேன். 1939 ஆகஸ்ட் 31 அன்று ஜெர்மனியின் எல்லை நகரமான கிளைவிட்ஸின் வானொலி நிலையத்தைப் போலந்துக்காரர்கள் தாக்கியதாக நாஜிகள் ஜோடித்தார்கள். அதையும் நாம் அறிந்தது ஊகத்தால் அல்ல. அதில் பங்கெடுத்தவரே, போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணைக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தால். ‘முன்பு செய்தார்கள்’ என்பது சந்தேகிக்கக் காரணம், சாட்சியம் அல்ல. துக்கத்தில் இருப்பவரை ‘நடிகர்’ என்பவர், அந்தச் சாட்சியத்தை முதலில் காட்டட்டும்.